நாலும் தெரிந்தவன்

ஜூலை 3, வியாழன்

நாட்டு மக்களின் மேலான கவனத்திற்கு: இன்று காலை ஆறு நாற்பது மணியளவில் எங்கள் வீட்டுக் குட்டியானையின் ஹாரன் தொண்டை கட்டி, பேச்சு மூச்சின்றி ஓய்ந்தது. ஐம்பது தண்ணீர் கேன்களைச் சுமந்து ஊருக்கே தாகம் தீர்க்கும் ஒரு லோடு வண்டிக்கு இப்படி ஆகலாமா? கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கட்டும்.

இரண்டாவது செய்தி, முக்கியத்துவத்தில் சற்றுக் குறைந்தது: நேற்று வாட்டர் பிளான்ட் பாசியில் வழுக்கி அப்பாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆகவே இன்று முதல் குட்டியானைக்குப் பாகன், நன்மாறன் ஆகிய நான். வயது பதினேழு வருடம் இரண்டு மாதம். மீசைக்கு மனுக் கொடுத்திருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது.

வாட்டர் பிளான்ட் இருப்பது புதுச்சேரி. நாங்களும் எங்கள் வாடிக்கையாளர்களும் இருப்பது கடலூர் மாவட்டம். நடுவில் ஒரு வாய்க்கால் பாலம், பாலத்தில் போலீஸ் சோதனைச் சாவடி. போகும்போது யாரும் கேட்பதில்லை, வரும்போதுதான் கேட்பார்கள். அந்தப் பக்கத்துச் சரக்கை வயிற்றில் ஏற்றிக்கொண்டு வந்தால் பேருந்தில் உட்கார இடம் தருவார்கள். பையில் கொண்டுவந்தால் குற்றம்.

எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கும் அக்கா இளவேனில், நான் சாவியை எடுத்ததுமே புத்தகத்தை எடுத்தாள்.

"டேய், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ. பதினெட்டு ஆவாதவன் ஓட்டுனா, வண்டி யாரு பேர்ல இருக்குதோ அவங்களுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில், அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருசத்துக்கு ரத்து. ஓட்டுனவனுக்கு இருவத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது."

வண்டி அம்மா பேரில் இருக்கிறது. அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"ரெண்டு நாளுதானடி. அதுக்குள்ள ஆக்டிங் டிரைவர் வந்துருவான்."

அப்பா தன் கட்டைப் பார்த்தார்.

ஜூலை 4, வெள்ளி

சோதனைச் சாவடியை நான் கடந்த அழகை வருங்காலச் சந்ததிக்காகப் பதிவு செய்கிறேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலில்.

"என்னாப்பா வண்டியில?" என்றார் ஏட்டையா.

"தண்ணி சார்!" என்றேன்.

ஏட்டையா சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த அப்பா என் தொடையைக் கிள்ளினார், இடது கையால்.

பின்னால் கேன்களுக்கு நடுவே நின்றபடி வந்தவர் ஏகாம்பரம் அண்ணன். பன்னிரண்டு வருடமாக எங்களிடம் கேன் தூக்குகிறார். வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ் கிடையாது. ஒரு காலத்தில் மூச்சு முட்டத் தண்ணி போட்டவராம். ஒன்பது வருடமாகத் தொடவில்லை. இப்போது வீடு வீடாகத் தண்ணி போடுகிறார். தண்ணியைத் துறந்த சன்னியாசி என்பதால் அவருக்கு 'தண்ணியாசி' என்று இந்தக் கணத்தில் பெயர் சூட்டுகிறேன். இந்தச் சொல்லை இதுவரை உலகில் யாரும் உச்சரித்ததில்லை. காப்புரிமை எனக்கே.

ஜூலை 5, சனி

என் நாட்குறிப்பை யாரோ படிக்கிறார்கள்.

நேற்று பக்கத்துக்கு நடுவில் ஒரு வேப்பங்குச்சி வைத்தேன். இன்று குச்சி இருக்கிறது, ஆனால் தலைகீழாக. சந்தேக வளையத்தில் மூவர். அப்பாவால் ஒற்றைக் கையில் டிபன் பாக்ஸ்கூடத் திறக்க முடியவில்லை. அம்மா என் கையெழுத்தைக் கோழி கிளறிய இடம் என்பாள், அதில் நேரம் செலவழிக்க மாட்டாள். மூன்றாமவர் வருங்காலக் காவல்துறை.

எனவே அறிவிக்கிறேன்: இனி இதில் எழுதப்படுவதெல்லாம் உண்மை. முழு உண்மை. படிக்கிறவர்கள் நம்பிப் படிக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று எதுவும் நடக்கவில்லை. குறிப்பாக, என் வகுப்பு மதியழகனை நான் சந்திக்கவில்லை. இரண்டு மணி நேரம் சந்திக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

வீட்டில் இடி.

மாலை நான் டியூஷன் முடிந்து வந்தபோது அம்மா வாசலில், வண்டி கழுவிய ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஜாக்கிப் பை உண்டு. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய குவார்ட்டர் பாட்டில்கள். 'புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு' என்று லேபிளில் கொட்டை எழுத்தில் இருந்ததாம். நான் எதையும் பார்க்கவில்லை. நான் வருவதற்குள் அம்மா அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்து, வெறும் பாட்டில்களைக் கண்காணாமல் அனுப்பிவிட்டிருந்தாள். எனக்குத் தெரிந்த குவார்ட்டர், குவார்ட்டர்லி பரீட்சை மட்டும்தான்.

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் மாவுக்கட்டே விரிசல் விட்டிருக்கும். அப்பா மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா தலையில் கை வைத்துக் குடியை விட்டவர்.

"நான் தொடல அம்சா. இந்தக் கையோட நான் எங்க போயி வாங்குவன்?"

"ஒடஞ்சது ஒரு கைதான?" என்றாள் அம்மா.

இந்த வழக்கைத் துப்பறியும் பொறுப்பை நானே ஏற்கிறேன். நாலும் தெரிந்தவன் என்ற முறையில் என் முடிவுகள்: ஒருவன் நான்கு குவார்ட்டரை ஜாக்கிப் பைக்குள் சொருகுகிறான் என்றால், அவன் அந்தப் பையை அடிக்கடி தொடுகிறவனாக இருக்க வேண்டும். பையைத் தினமும் எடுத்து ஓரமாக வைப்பவர் யார்? சுற்றியிருந்தது மாலைப் பேப்பர் என்கிறாள் அம்மா. டீக்கடையில் மாலைப் பேப்பரை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வருபவர் யார்? ஒன்பது வருட விரதம் திடீரென்று கலைவது உலகில் நடக்காததா?

நான் பெயர் சொல்ல மாட்டேன். தண்ணியாசிகளை நம்பக் கூடாது என்பது மட்டும் என் தாழ்மையான கருத்து.

ஜூலை 8, செவ்வாய்

வண்டியில் புதிதாக ஒரு சத்தம். பிரேக் அடித்தால் 'கிணுங்' என்கிறது. ஹாரன் போனதால் அது தனக்கென்று ஒரு குரல் தேடுகிறது போலும்.

காலையில் அக்கா அடுத்த பாடம் நடத்தினாள். வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் ஏற்றி வந்தால் வழக்கு, அதோடு வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

"ரெண்டு சட்டத்தையும் சேத்து வச்சுப் பாருங்க," என்றாள் எல்லோரையும் பார்த்து. "மைனர் ஓட்டுனதுக்கும் அம்மாதான் பதில் சொல்லணும். வண்டியில சரக்கு ஏத்துனதுக்கும் அம்மாதான் பதில் சொல்லணும். ஓட்டாதவங்களும் ஏத்தாதவங்களும் ஜெயிலுக்குப் போவாங்க."

பேசும்போது அவள் என்னை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாளோ? மனப்பிரமை.

இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அம்மா, யாராக இருக்கும் என்று நூறாவது முறையாகக் கேட்டாள். அக்கா ரசத்தை ஊற்றியபடி, "அந்தத் தண்ணியாசியத்தான் கேக்கணும்," என்றாள்.

"என்னாடி அது, தண்ணியாசி?" என்றாள் அம்மா.

"ஏகாம்பரம் அண்ணந்தான். ஜாக்கிப் பைய வேற யாரு எடுக்கறாங்க?"

எனக்குப் புரை ஏறியது. உலகில் யாரும் உச்சரித்திராத சொல் அது. நான் தண்ணீர் குடித்தேன், அதாவது அசல் தண்ணீர்.

வலை விரித்தவனுக்குத் தெரியும், மீன் வந்த சத்தம்.

ஜூலை 9, புதன்

அம்மா ஏகாம்பரம் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். "கொஞ்ச நாளைக்கு வர வேணாம்ணே."

"ஏன்" என்று அவர் கேட்கவே இல்லை. அப்பாவை ஒரு முறை பார்த்தார். தோளில் கேன் அழுத்தாமலிருக்கப் போடும் சாக்குத்துண்டை உதறி, மடித்து, வண்டிக் கம்பியில் தொங்கவிட்டார். போகும்போது என்னிடம் மட்டும், "கிளட்ச்ச மெதுவா வுடு தம்பி, பொசுக்குன்னு வுடாத. கேனு ஒடையும்," என்றார்.

அப்பா பின்னாலேயே தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "அவன் இல்ல அம்சா. அவனா இருக்காது," என்றார்.

"அப்ப நீயா?"

அப்பா உள்ளே போய்விட்டார்.

குற்றவாளி எதிர்த்துப் பேசவில்லை, எனவே வழக்கு முடிந்தது. எனக்குச் சாப்பாடு இறங்காததற்குக் காரணம் கத்திரிக்காய்.

ஜூலை 10, வியாழன்

ஒரு கேன் இருபது லிட்டர். பள்ளிக்குப் போகும் முன் இருபத்தெட்டு கேன் தூக்கினேன், அதில் பதினொன்று இரண்டாவது மாடி. அப்பா ஒற்றைக் கையால் காலி கேன்களை மட்டும் இறக்கினார். அந்தச் சாக்குத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் வலிக்காது. ஆனால் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. காரணம் கேட்காதீர்கள்.

வீட்டில் அம்மாவும் அப்பாவும் என் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். "ஒங்கப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளு." கேட்கிறேன். "வேணாம்னு சொல்லு." சொல்கிறேன். அப்பா தம்ளரில் தண்ணீர் எடுத்தால்கூட அம்மா அதன் நிறத்தைப் பார்க்கிறாள். அவர் தூங்கிய பிறகு தலையணையை முகர்ந்து பார்த்தாள். மருந்து வாசனைதான் அடித்திருக்கும். அதற்கும் முகம் சுளித்தாள்.

வண்டியில் 'கிணுங்' நிற்கவில்லை. ஏகாம்பரம் அண்ணன் இருந்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

ஜூலை 11, வெள்ளி

ஆக்டிங் டிரைவர் இன்றும் வரவில்லை. 'ரெண்டு நாளு' என்பது ஒன்பதாவது நாளாக நடைபெறுகிறது.

மதியழகன் பள்ளியில் என்னை மடக்கி, "எங்கடா பொருளு?" என்று கேட்டதாக ஒரு வதந்தி உலவுகிறது. எனக்கு மதியழகன் என்று யாரையும் தெரியாது.

ஜூலை 12, சனி. மதியம்

இன்று காலை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கட்டைப் பார்க்க வேண்டுமென்று டாக்டர் வரச் சொன்னதால் அக்கா அப்பாவை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் கேட்டு ஏழு மணிக்குள் ஒன்பது போன். அம்மா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "இன்னிக்கி ஒரு நாளு. நான் வர்றன். பையப் போ."

வாட்டர் பிளான்டில் கேன் நிரம்பும்வரை எழுதலாமென்று பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். திங்கட்கிழமைப் பக்கத்தில் 'நான்கு' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். ஓரத்தில் அக்காவின் முத்து முத்தான கையெழுத்து:

'பையில் இருந்தது மூன்று. இதை நேற்று இரவுதான் கவனித்தேன். அம்மாவும் நானும்தான் எண்ணினோம். அப்பாவிடம்கூட எண்ணிக்கையைச் சொல்லவில்லை. நாலும் தெரிந்தவனே, நாலாவதை என்ன செய்தாய்? குடித்துவிட்டாயா? சாயங்காலத்துக்குள் நீயே வந்து சொல். இல்லையென்றால் நான் சொல்வேன்.'

இரண்டு முறை படித்தேன். முதல் முறை, மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. இரண்டாவது முறை, நாலாவதை நான் ஒன்றுமே செய்யவில்லை என்று புரிந்தது. ஜாக்கிப் பைக்கு அடியில் கிழிசல் உண்டு.

கிணுங்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். எட்டவில்லை. "என்னாடா தேடுற?" என்றாள் அம்மா. "பேனாம்மா." கேன்கள் ஏறிவிட்டன. வண்டியை எடுத்தேன்.

அம்மா வழியெல்லாம் தனக்குத்தானே பேசுகிறவள்போலப் பேசிக்கொண்டு வந்தாள். "ஏகாம்பரம் அண்ணன் ஒரு வார்த்த எதுத்துப் பேசலடா. பேசாம போறாரே, அப்ப அவருதான்னு தோணுது. அடுத்த நிமிசம் ஒங்கப்பாவக் காப்பாத்தத்தான் பேசாம போறாரோன்னு தோணுது. ரெண்டுல யாருன்னு தெரியாம ரெண்டு பேரு மூஞ்சியையும் பாக்க முடியல."

வாய்க்காலுக்கு முன்னால் ஒரு பழைய ரைஸ்மில் இருக்கிறது. வழக்கமாக அதன் பின்னால்தான் நிறுத்தி... அதைப் பிறகு சொல்கிறேன். இன்று நிறுத்தவில்லை. திரும்பியதும் தெரிந்தது: பாலத்தில் வண்டிகள் வரிசை. ஏட்டையா ஓரமாக நிற்கிறார். புதிதாக ஒரு பெண் எஸ்.ஐ. எங்களுக்கு மூன்று வண்டி முன்னால் ஒரு ஆட்டோவின் சீட்டையே கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள்.

கிளட்சைப் பொசுக்கென்று விட்டேன். என்ஜின் அணைந்தது. கிணுங். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். திருப்பி அடிக்க எனக்கு ஹாரன்கூட இல்லை.

"எடுடா வண்டிய."

"அம்மா, நாலாவது இருக்குதும்மா."

"என்னா நாலாவது?"

"பாட்டிலு. சீட்டுக்கடியில. மொத்தம் நாலு. நாந்தாம்மா வச்சன்."

மதியழகனுக்குப் பதினெட்டு முடிகிறது, விருந்து. அவன் அண்ணன் திங்கட்கிழமை காலை பிளான்டுக்கு வந்து பொட்டலத்தைக் கொடுத்தான். தண்ணி வண்டியில் தண்ணி வந்தால் எவன் சந்தேகப்படுவான் என்று நான்தான் வகுப்பில் மார்தட்டியிருந்தேன். சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அம்மா வண்டி கழுவுவாள் என்று யார் கண்டது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"எறங்கு," என்றாள்.

பின்னால் வந்த பால் வண்டிக்காரரிடம் வண்டி நின்றுவிட்டதென்று சொல்லி, அவரும் நானுமாகத் தள்ளி ரைஸ்மில் ஓரத்தில் நிறுத்தினோம். அம்மா சீட்டைத் தூக்கி, ஜாக்கிக் கம்பியை விட்டுத் துழாவினாள். பேட்டரிக்குப் பின்னாலிருந்து அது உருண்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நீ மொத மொத சாவிய எடுத்தப்ப ஒங்கக்கா சட்டம் படிச்சாளே, அன்னிக்கி நீ அங்கதான இருந்த?"

"இருந்தன்."

"ஜெயிலுக்குப் போறது நானுன்னு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வச்ச."

இதற்கு என்னிடம் சிலேடை இல்லை.

மூடியைத் திருகி வாய்க்கால் கரையில் கவிழ்த்தாள். மண் குடித்தது. பாட்டிலை மில் குப்பையில் போட்டுவிட்டு, வண்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகினாள். ஐம்பது கேன் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு, கம்பியில் தொங்கிய சாக்குத்துண்டை மட்டும் நான் எடுத்துக்கொள்ள, இருவரும் பாலத்தின் மேல் நடந்தோம்.

"என்னம்மா, இன்னிக்கி தண்ணி இல்லியா?" என்றார் ஏட்டையா.

"ஓட்டற வயசுல ஆளு கெடைக்கலீங்க," என்றாள் அம்மா, நிற்காமல்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று சாயங்காலம் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டினார். பிறகு, "ஒங்கம்மா மூணு நாளா எங்கிட்ட நேரா பேசலடா," என்றார். அம்மா மோர் கொண்டுவந்து, என்னைக் கேட்காமல், நேராக அவர் கையில் கொடுத்தாள்.

காலையில் நான் சாக்குத்துண்டை எடுத்துக்கொண்டு ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வாயில் நுரையோடு நின்றார். கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஜாக்கிப் பைய நாந்தான தெனம் தூக்கறன்? திங்கக்கெழமையே கனம் கூட இருந்துது. ஒங்கப்பா மறுபடியும் ஆரமிச்சிட்டாருன்னு நெனச்சன். நான் வாயத் தொறந்தா அவுரு மானம் போவும். எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்னு வந்துட்டன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒன்ன நெனைக்கவே இல்ல தம்பி. ஒரு தடவகூட."

அம்மா அடித்திருந்தால் இதைவிடக் குறைவாக வலித்திருக்கும்.

தண்ணியாசி விஷயத்தையும் சொன்னேன். பொருள் கேட்டார், விளக்கினேன். இருமல் வரும்வரை சிரித்தார். "பேரு நல்லாத்தான் வச்சிருக்க." திரும்ப வருவாரா என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்தினார். "அனுப்புனது ஒங்கம்மா. அவங்க வந்து கூப்புடட்டும்."

வெளியே வந்தால் தெருமுனையில் அம்மா வந்துகொண்டிருந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனாள்.

நாளை முதல் ஆக்டிங் டிரைவர், லைசென்ஸோடு. ரைஸ்மில் ஓரத்தில் நிற்கும் வண்டியையும் அவரே எடுத்து வருவார். அசல் லைசென்ஸா என்று அக்கா வாங்கிப் பார்த்துவிட்டாள். நான் மாடிக்குக் கேன் தூக்குகிறேன், பதினெட்டு ஆகும்வரையும் அதற்குப் பிறகும்.

இனி சில திருத்தங்கள். அக்கா, எப்படியும் படிப்பாய், அதனால் உனக்கே எழுதுகிறேன். ஏகாம்பரம் அண்ணனைப் பற்றி நான் எழுதிய துப்பெல்லாம் நீ படிக்க வேண்டுமென்றே எழுதியது. உன்னை ஏமாற்றிவிட்டதாக மூன்று நாள் உள்ளுக்குள் விசிலடித்தேன். நாலாம் நாள் தூக்கம் வரவில்லை.

சோதனைச் சாவடியை ஒற்றைக் கையால் கடந்ததாக ஜூலை 4-ல் எழுதியது பாதி உண்மை. ஒற்றைக் கை உண்மை. அது அப்பாவின் இடது கை. மைனர் ஓட்டுவது சாவடியில் தெரியக் கூடாதென்று தினமும் ரைஸ்மில் பின்னால் வண்டியை நிறுத்தி இடம் மாறிக்கொள்வோம். அவர் ஸ்டியரிங் பிடிப்பார், நான் பக்கத்திலிருந்து கியர் மாற்றுவேன். அதையும் எப்போது மாற்ற வேண்டுமென்று பின்னால் நின்று கூரையைத் தட்டிச் சொன்னவர் ஏகாம்பரம் அண்ணன். ஏட்டையா கேட்டது அப்பாவை. 'தண்ணி சார்' மட்டும் நான்.

கடைசியாக, ஜூலை 3-ன் துக்கச் செய்தி. ஹாரன் தானாக ஓயவில்லை. நான் முதன்முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்த அன்று எதிரே ஒரு எருமை வந்தது. பிரேக் எது, கிளட்ச் எது என்று எல்லாம் மறந்துபோய், நினைவிலிருந்த ஹாரனை மட்டும் அது சாகும்வரை அமுக்கினேன். வண்டி தானாக அணைந்து நின்றது. எருமை நகரவில்லை. அப்பாதான் மாவுக்கட்டோடு இறங்கிப் போய் அதை ஓட்டினார். அன்று காலை எங்கள் வண்டியிலிருந்து எதையாவது ஒழுங்காக ஓட்டியவர் அவர் ஒருவர்தான்.